இங்கிலாந்தில் சொந்தமாக வீடு கட்டுகிறீர்களா? கட்டட விதி ஒப்புதலுக்கு முழுமையான வழிகாட்டி

வானம் தோண்டி, காங்கிரீட் கொட்டி முடித்த பிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டால், அவர் பார்ப்பது காங்கிரீட்டின் மேல்முகத்தை மட்டும்தான். அடியில் இருந்தது கெட்டி மண்ணா, பழைய குப்பைமேடா, எத்தனை ஆழம் என்பதெல்லாம் உங்கள் வாய்வார்த்தை. வாய்வார்த்தையை நம்பி இங்கே நிறைவுச் சான்றிதழ் தருவதில்லை. எதையும் மூடும் முன் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸுக்குத் தனி விதிகள் உண்டு. ஸ்காட்லாந்தில் ‘பில்டிங் வாரன்ட்’ கையில் இல்லாமல் வேலையையே தொடங்க முடியாது.

பிளானிங் வேறு, கட்டட விதி வேறு

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அந்த இடத்தில் வீடு வரலாமா, தெருவுக்குப் பொருந்துமா, பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைக்குமா என்று பார்ப்பது பிளானிங் அனுமதி. அந்த வீடு இடியாமல் நிற்குமா, தீப்பிடித்தால் தப்ப வழியுண்டா, குளிர் தாங்குமா என்று பார்ப்பது கட்டட விதி. ஒன்று கிடைத்ததால் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக ஆகாது. பிளானிங் வரைபடத்தை அப்படியே கொத்தனாரிடம் கொடுக்கவும் முடியாது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதே அதில் இருக்காது.

யாரிடம் விண்ணப்பிப்பது?

இரண்டு வழி. உள்ளூர் கவுன்சிலின் ‘பில்டிங் கன்ட்ரோல்’ பிரிவு ஒன்று. பதிவுபெற்ற தனியார் நிறுவனம் இன்னொன்று. தனியாரைத் தேர்ந்தெடுத்தால், வேலை தொடங்கும் முன் ‘இனிஷியல் நோட்டீஸ்’ என்ற அறிவிப்பு கவுன்சிலுக்குப் போக வேண்டும். அந்த நிறுவனம் பாதியில் விலகினால் வேலை கவுன்சிலின் கைக்கு வந்துவிடும். அதுவரை கண்ணில் படாததையெல்லாம் திறந்து காட்டச் சொல்லலாம். முதல் வீடு கட்டுபவருக்கு நான் கவுன்சிலைத்தான் சொல்வேன். அந்தப் பகுதி மண்ணின் குணம் அவர்களுக்குத் தெரியும்.

ஃபுல் பிளான்ஸா, பில்டிங் நோட்டீஸா?

பில்டிங் நோட்டீஸ் என்றால் விவரமான வரைபடம் இல்லாமல், இன்ன வேலை செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுத் தொடங்குவது. கேட்கச் சுலபம். ஆனால் வரைபடத்தை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். தவறு இருந்தால் கட்டிய பிறகுதான் தெரியவரும். பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு மேலோ மிக அருகிலோ கட்டுவதாக இருந்தால் இந்த வழியே கிடையாது.

முழு வீட்டுக்கு ஃபுல் பிளான்ஸ்தான். வரைபடங்கள், பொறியாளரின் கணக்குகள், வெப்பக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் 5 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருதரப்பும் ஒப்புக்கொண்டால் கெடு நீளும். நிபந்தனையோடு ஒப்புதல் வந்தால் பதற வேண்டாம், அது வழக்கம்தான். கட்டணத்தைக் கவுன்சில்களே நிர்ணயிப்பதால் இடத்துக்கு இடம் மாறும்.

வரைபடத்தில் என்ன பார்ப்பார்கள்?

விதிகளை விளக்கும் ‘அப்ரூவ்ட் டாக்குமென்ட்’ ஏடுகள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏ (A) முதல் டி (T) வரை ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கட்டடக் கலைஞர் படித்திருந்தால் போதும். சிலவற்றை மட்டும் நீங்களும் அளந்து பாருங்கள். மாடிப்படி ஒவ்வொன்றின் உயரமும் 220 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சாய்வு 42 பாகைக்குள் இருக்க வேண்டும். மாடி அறையில் தப்பிக்கும் ஜன்னலின் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் இயங்கும் புகை அலாரம் வேண்டும். கதவில்லாத திறந்த சமையலறைக்குக் கேட்பது வெப்ப அலாரம். மிளகாய் தாளிக்கிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

பொறுப்பு யார் தலையில்?

2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் சின்ன வீட்டுக்குக்கூட ‘பிரின்சிபல் டிசைனர்’, ‘பிரின்சிபல் கான்ட்ராக்டர்’ என்ற பொறுப்புகள் உண்டு. இவர்களை எழுத்து மூலம் நியமியுங்கள். கொத்தனார், தச்சர், பிளம்பர் என்று நீங்களே ஆள் பிடித்து வேலையை நடத்தினால், ஒப்பந்தக்காரரின் பொறுப்பு உங்கள் தலையிலேயே வந்து விழலாம்.

தொடங்குதல்

முதல் மண்வெட்டி விழுவதற்குக் குறைந்தது 2 வேலைநாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரமும் தரைத்தளமும் முடிந்த பிறகுதான் சட்டப்படி வீடு ‘தொடங்கியதாக’ கணக்கு. அது முடிந்த 5 வேலைநாளுக்குள் இன்னோர் அறிவிப்பு. 3 ஆண்டுக்குள் இந்தக் கட்டத்தை எட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும்.

ஆய்வுகள்: மண்ணுக்குள்ளே

பணமும் மனமும் அதிகம் கரைவது இங்கேதான். லண்டன் களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். இப்படி அதிகம் சுருங்கும் களிமண்ணில், மரமே இல்லாத இடத்தில்கூட 1 மீட்டர் ஆழம் எதிர்பார்ப்பார்கள். பக்கத்தில் ஓக், வில்லோ, பாப்லர் போன்ற தண்ணீர் குடிக்கும் மரம் இருந்தால் 2 மீட்டரையும் தாண்டிப் போகலாம். ‘மரத்தை வெட்டிவிட்டேனே’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மரம் உறிஞ்சிய நீர் மண்ணுக்குத் திரும்பும்போது களிமண் உப்பி, தளத்தையே மேலே தூக்கும். ஆகவே ஆய்வாளர் வெட்டிய குழியை மட்டும் பார்க்கமாட்டார், வேலிக்கு அப்பாலும் எட்டிப் பார்ப்பார். ‘இன்னும் அரை மீட்டர் போங்கள்’ என்று அவர் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கும் சேர்த்துக் கையில் பணம் வையுங்கள். ஆய்வு முடியுமுன் காங்கிரீட் லாரிக்கு நாள் குறிக்காதீர்கள்.

ஆய்வுகள்: மண்ணுக்கு மேலே

அதன்பின் ஈரத்தடுப்புப் படலம், தரைத்தளம், கழிவுக்குழாய் (மண் மூடும் முன், பிறகு கசிவுச் சோதனை), மாடி உத்தரங்கள், கூரை. பூச்சுக்கு முந்தைய ஆய்வை மட்டும் தவறவிடாதீர்கள். வெப்பத்தடுப்பு, தீத்தடுப்பு, இரும்பு உத்தரத்தின் மேல் உறை எல்லாம் அன்றோடு மறைந்துபோகும். வெப்பத்தடுப்பு வேலையைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. நான் சொல்வது, குழாயும் ஒயரும் போன தடத்தையும் எடுத்து வையுங்கள். ஆணி அடிக்கும்போது உதவும்.

ஆய்வாளர் உங்கள் மேற்பார்வையாளர் அல்லர். வந்து போகும் அரை மணி நேரத்தில் கண்ணில் படுவதைத்தான் அவர் சொல்வார். டைல் கோணலாக இருப்பது அவர் கவலையில்லை.

கடைசிக் காகிதங்கள்

வாசலில் மின்விசிறியைப் பொருத்தி காற்றுக்கசிவைச் சோதிப்பார்கள். வெப்பக் கணக்கின் இறுதி வடிவம், ஆற்றல் சான்றிதழ், மின்வேலைச் சான்றிதழ், கேஸ் வேலைச் சான்றிதழ், தண்ணீர்ச் செலவுக் கணக்கு (ஆளுக்கு நாளொன்றுக்கு 125 லிட்டருக்குள்) எல்லாம் தயாராக இருக்கட்டும். பொறுப்பாளர்கள் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். நிறைவுக்கு முன்பே குடியேறுவதானால் குறைந்தது 5 வேலைநாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்ப்பவர்கள் இதையும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

தவறினால்

விதிமீறலுக்கான அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. முன்பு, கட்டியதை இடிக்கச் சொல்ல 12 மாதம்தான் கெடு. இப்போது 10 ஆண்டு. ஒப்புதலின்றிக் கட்டியதைப் பின்னால் முறைப்படுத்தக் கவுன்சிலில் வழியுண்டு, ஆனால் சுவரை உடைத்துக் காட்டச் சொல்வார்கள்.

நிறைவுச் சான்றிதழ் வந்ததும் முதல் வேலையாக, கட்டுமானப் பொருட்களுக்குக் கட்டிய வாட் வரியைத் திரும்பக் கேளுங்கள். வீடு முடிந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரே முறைதான் கேட்கலாம்.