ஆர்ப்பெஜியேட்டரும் ஆதி தாளமும்

தமிழ்ப்பள்ளியில் ச ரி க ம கற்ற நான், தேசிய இடைநிலைப்பள்ளியில் டோ ரே மி கற்றேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உதவியது கீபோர்டு. நமது கலை இரவுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கீபோர்டு கலைஞர்தான் இருப்பார். ஒருவரே பல கலைஞர்களின் வேலையைச் செய்ய அவருக்குத் துணை நிற்பது ஆர்ப்பெஜியேட்டர். "பொத்தானை அழுத்தினால் கருவியே வாசிக்கிறது; இதில் திறமை எங்கே?" என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை காண முயல்வோம்.

ஆர்ப்பெஜியோ என்பது, ஹார்ப் வாசிப்பதைக் குறிக்கும் இத்தாலிய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு கார்டின் சுரங்களை ஒருசேர ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பதே அது. நாம் விசைகளைப் பிடித்திருந்தால் போதும். பிரித்து ஒலிக்கும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும். 1978-இல் வெளிவந்த ரோலண்ட் ஜூப்பிட்டர்-4 கருவியிலேயே இவ்வசதி இருந்தது.

சி மேஜர் கார்டைப் பிடிப்போம். சி-யை 'ச' எனக் கொண்டால் நம் விரல்களின் கீழ் இருப்பவை ச, க, ப.

1. ஏறுமுகம்: ச க ப, ச க ப எனத் தொடரும்.
2. இறங்குமுகம்: ப க ச, ப க ச எனத் தொடரும்.
3. ஏறி இறங்குதல்: ச க ப க. சில கருவிகளில் இது ச க ப ப க ச என்று ஒலிக்கும்.
4. அழுத்திய வரிசை: எந்த விசையை முதலில் தொட்டோமோ அதிலிருந்து தொடங்கும்.
5. ரேண்டம்: வரிசையே இராது. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இதை நான் பயன்படுத்துவதில்லை.

இனிதான் கணக்கு. ஆதி தாளத்திற்கு 8 அட்சரம். அட்சரத்திற்கு 4 சுரம் என வேகத்தை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்திற்கு 32 சுரம். ஏறுமுகத்தில் மும்மூன்றாகச் சென்றால் 10 சுற்று முடிந்து 2 சுரம் மிஞ்சும். அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் 'ச' விழ வேண்டிய இடத்தில் 'ப' விழும். பழக்கமில்லாத பாடகர் அங்கே தடுமாறிவிடுவார்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மேல் 'ச'வையும் சேர்த்துப் பிடித்து நான்கு சுரமாக்கலாம். ச க ப க என ஒலிக்கும் முறைக்கு மாறலாம். பாடல் இடங்கொடுத்தால் அட்சரத்திற்கு 3 சுரம் வைத்துத் திஸ்ர நடையில் போகலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிருதங்கக் கலைஞர் பாடகரின் மூச்சறிந்து சற்றே நிதானிப்பார். கருவி யாருக்காகவும் காத்திராது. ஆகவே, ஒத்திகையிலேயே வேகத்தை முடிவு செய்யுங்கள். மிருதங்கக் கலைஞருக்குக் கீபோர்டின் ஒலி தெளிவாகக் கேட்க வழி செய்யுங்கள். விருத்தம் பாடும்போது ஆர்ப்பெஜியேட்டரை நிறுத்திவிட்டுக் கார்டை மட்டும் பிடியுங்கள். தாளக்கட்டு இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

எந்தச் சுரங்களைப் பிடிப்பது, எந்த வரிசையில் விடுவது, எப்போது கையை எடுப்பது ஆகிய மூன்றும் வாசிப்பவர் கையில்தான் உள்ளன. நண்பர்கள் கேட்ட திறமை அங்கேதான் இருக்கிறது.