நோன்புக் கஞ்சியும் நம் பிள்ளைகளும்

1826ஆம் ஆண்டில் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில், ரமலான் தோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்கப்படுவது நாம் அறிந்ததே. வியாபாரிகளில் பலர் அரிசி மூட்டையைக் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றனர். அவர்கள் பிள்ளையோ கல்லாவில் காசெண்ணக் கற்றான். பிறருக்காக ஒரு வெங்காயம் உரித்தும் அறியான்!

சகோதரர்களே! அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாமே செல்வோமாக. சிறுவர்கள் விரிப்பு விரிக்கலாம், பேரீச்சம்பழம் பங்கு வைக்கலாம். வளர்ந்தவர்கள் கஞ்சி ஊற்றலாம். (கொதிக்கும் தேக்சாவின் அருகே பொடிப்பிள்ளைகளை விடவேண்டாம்.) உண்டபின் தட்டுக் கழுவுவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை, அதை வாப்பாவும் மகனும் சேர்ந்து செய்யட்டும். வீடு திரும்பியதும், நம் மாடியில் தனியே இருக்கும் முதியவருக்கு ஒரு தூக்குக் கஞ்சியை மகளிடம் கொடுத்தனுப்பலாம். மறுநாள் அவளே போய் நலம் விசாரித்துத் தூக்கை வாங்கி வரட்டும்.