பாட்டியின் பழைய நோட்டும் நாடுகளின் கடனும்

முன்னுரை

பொது நாணயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஐரோப்பாவின் யூரோதான். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த காலத்தில் கிரேக்க நாட்டின் கடன் நெருக்கடி அன்றாடச் செய்தியாக இருந்தது. அது நமக்குத் தொடர்பில்லாத தொலைதூரச் சங்கதி என்றே நானும் எண்ணியிருந்தேன். விடுமுறைக்குப் பீடோங் திரும்பியபோது, பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்வெட்டிய என் பாட்டி சொன்ன பழைய கதை அந்த எண்ணத்தை மாற்றியது. கடனால் ஆட்சியுரிமையை இழந்த அனுபவமும், பொது நாணயம் பிரிந்தபோது நட்டப்பட்ட அனுபவமும் கெடா மாநிலத்திற்கு உண்டு. அவ்விரண்டையும் யூரோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனோடு வந்த ஆலோசகர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, முன்பணம் பெற்றுச் செலவு செய்வது அன்றைய வழக்கம். 1904இல் சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா தம் பிள்ளைகள் ஐவருக்கு மிகப் பெரிய அளவில் திருமணம் நடத்தினார். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கருவூலம் காலியானது. 1905இல் சயாமிடமிருந்து 26 இலட்சம் வெள்ளி, 6 விழுக்காடு வட்டிக்குக் கடனாக வாங்கப்பட்டது.

கடன் தனியே வரவில்லை. பேங்காக்கிலிருந்து நிதி ஆலோசகர் ஒருவரும் வந்தார். மாநில ஆட்சி மன்றமும் அமைக்கப்பட்டது. சுல்தான் தம் விருப்பப்படி செலவு செய்யும் காலம் அத்தோடு முடிந்தது. தோட்டத்துக் கடைக்காரரின் 555 புத்தகத்தில் பற்று ஏறிவிட்டால், அடுத்த மாதம் நம் வீட்டுக்கு என்ன சாமான் வரும் என்பதை அவரே முடிவு செய்வார் அல்லவா? அதே நிலைதான் ஒரு மாநிலத்திற்கும் ஏற்பட்டது.

1909 மார்ச் 10இல் பேங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்தின்படி, கெடாவின் மீது சயாமுக்கு இருந்த உரிமைகள் பிரிட்டனுக்கு மாறின. கெடாவின் கடனை ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆலோசகரை நியமிக்கும் உரிமையும் பிரிட்டனிடம் சென்றது. கெடா மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

இலண்டனில் கட்டப்பட்ட வெள்ளி

1906 முதல் நீரிணை வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. பின்னர் வந்த மலாயா வெள்ளிக்கும், 1950களில் வந்த மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளிக்கும் அதுவே மதிப்பு. மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஆகிய ஐந்து நிலப்பகுதிகள் ஒரே நாணயத்தைப் பயன்படுத்தின. நாணய வாரியம் வெளியிட்ட வெள்ளிக்கு ஈடாக இலண்டனில் ஸ்டெர்லிங் சொத்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே நாணயம் உறுதியாக இருந்தது. ஆனால் அதன் மதிப்பை முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இல்லை.

1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரும் பொது நாணயத்தைத் தொடரப் பேச்சுவார்த்தை நடந்தது. கையிருப்பை யார் பெயரில் வைப்பது, யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்வியில் அது 1966இல் முறிந்தது. 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டன. பழைய நோட்டுகளும் தொடர்ந்து செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டது.

மைலோ டின்னில் இருந்த 400 வெள்ளி

இங்குதான் பாட்டியின் கதை வருகிறது. மாடு வளர்த்துப் பால் விற்று, அத்தையின் திருமணத்திற்காக மைலோ டின்னில் 400 வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். இராணி தலை போட்ட நோட்டும், எருமை ஏர் உழும் பத்து வெள்ளி நோட்டுமாக எல்லாம் பழையவை. புது நோட்டாக மாற்றச் சொல்லித் தாத்தா வற்புறுத்தியும் பாட்டி கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு 1945இல் வெறும் காகிதமானதைச் சிறுமியாக இருந்தபோது கண்டவர் அவர். "வெள்ளைக்காரன் நோட்டுதான்டா அப்பவும் நின்னுச்சு" என்பார்.

1967 நவம்பர் 18இல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. நெடுநாளாக நீடித்த வர்த்தகப் பற்றாக்குறையும் அதைச் சமாளிக்க வாங்கிய கடனும் அந்நாட்டைத் திணறடித்திருந்தன. மலேசியா தன் புதிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்ட பழைய வெள்ளி மட்டும் இறங்கியது. ஒரு வெள்ளி 85 காசு ஆனது. பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்களைப் பலிகொண்டது.

பாட்டியின் 400 வெள்ளி 340 ஆனது. "மூனு வாரக் கூலிடா" என்றார். அத்தையின் சங்கிலி ஒரு பவுன் குறைந்தது. யாரிடமும் கடன் வாங்காதவர், கடல் கடந்த ஒரு நாட்டின் கடன் சுமையில் தம் பங்கைக் கட்டினார்.

கிரேக்கம் சொல்லும் பாடம்

கிரேக்கம் 2001இல் யூரோவில் சேர்ந்தது. 2009இல் அதன் பற்றாக்குறை முன்பு சொல்லப்பட்டதைவிட மிக அதிகம் என வெளிப்பட்டது. 2010 மே மாதம் யூரோ நாடுகளும் அனைத்துலகப் பண நிதியமும் 11,000 கோடி யூரோ கடன் தர முன்வந்தன. கடனோடு கண்காணிப்பாளர்களும் வந்தனர். சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்க முயன்றிருக்கலாம். அவ்வழி இல்லாததால் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. 2015இல் வங்கி இயந்திரத்தில் நாளுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்க முடிந்தது.

அப்படியானால் தனி நாணயமே பாதுகாப்பா? அதுவும் இல்லை. சொந்த ரூபாய் வைத்திருந்த இலங்கை, அந்நியச் செலாவணி தீர்ந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என அறிவித்தது. ரூபாய் சரிந்து, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர்.

யூரோவின் எதிர்காலம் கடனைப் பகிர்ந்துகொள்வதில் இருக்கிறது. 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது ஐரோப்பிய ஒன்றியம் மீட்சி நிதிக்காக முதன்முறையாகப் பெருமளவில் கூட்டாகக் கடன் வாங்க ஒப்புக்கொண்டது. அதைத் தற்காலிக ஏற்பாடாகவே பல நாடுகள் கருதின. புருணையும் சிங்கப்பூரும் 1967 முதல் இன்றுவரை தம் நாணயங்களைச் சரிக்குச் சரி மாற்றிக்கொள்கின்றன; மலேசியா 1973 மே மாதம் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. பகிர்தல் முடியாத காரியமன்று. அதற்குப் பங்காளிகளிடையே நம்பிக்கை வேண்டும்.

முடிவுரை

ஆசியானுக்கும் ஒரு பொது நாணயம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கையிருப்பு யார் கையில்? ஒருவர் கடனில் விழுந்தால் யார் தாங்குவது? மதிப்பு இறங்கும் நாளை எளிய மக்களுக்கு யார் முன்கூட்டிச் சொல்வது?

பாட்டி இன்று இல்லை. மாற்றாமல் அவர் எடுத்து வைத்திருந்த ஒரேயொரு பத்து வெள்ளி நோட்டு என்னிடம் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த நாம், நாட்டின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். கணக்குத் தெரியாதவர் வீட்டிலிருந்துதான் கடைசித் தவணை வசூலாகிறது.