ஆற்றலும் காப்பும்

இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி கூடுதல் காற்றை உருளைக்குள் அழுத்தித் தள்ளுகிறது. இக்கருவியே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

மகிழுந்து ஆர்வலர் சிலர், சாதாரண இயந்திரத்தில் இக்கருவியைத் தம் கையாலேயே பொருத்துகின்றனர். ஆற்றல் கூடும் என்பது உண்மையே. ஆயினும், காற்றை மட்டும் மிகுத்தல் போதாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிகும்போது எரிபொருளும் அதற்கேற்ப மிகவில்லையெனில், அளவுகடந்த வெப்பத்தால் பிஸ்டன் உருகிச் சிதையலாம். எனவே, எரிபொருள் பம்பும் தெளிப்பான்களும் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுப்பனவாக இருத்தல் வேண்டும்.

மசகெண்ணெயின் பணியும் இன்றியமையாதது. நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழலவல்ல தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கிறது. எண்ணெய் அழுத்தத்துடன் குறுகிய குழாய்வழி வருகிறது. திரும்பும்போதோ தன் எடையாலேயே வடிகிறது. ஆகவே, வடிகுழாய் அகன்றும் மேடின்றிச் சரிந்தும் அமைதல் வேண்டும். இல்லையெனில், தேங்கும் எண்ணெய் தண்டின் ஓரங்களில் கசிந்து புகையாகும். கடும் ஓட்டத்திற்குப் பின் இயந்திரத்தை உடனே நிறுத்தினால், எண்ணெய் கருகிப் படியும். சிறிது நேரம் மெல்ல இயங்கவிட்டு நிறுத்துவதே முறை.

ஆற்றலைக் கூட்டுவோர், அதனைத் தாங்கும் வழிகளையும் கூட்டுதல் வேண்டும்.

சிந்தனை வினா: எண்ணெய் வரும் குழாயினும் வடிகுழாய் அகன்றிருக்க வேண்டுவது ஏன்?