கடை உடைபட்ட பிறகு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். பின்கதவை நெம்பி எண்ணெய் டின், சிகரெட் பண்டல், கல்லாப் பணம் அத்தனையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாமே. கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. ஆனால், “போலீசுக்குப் போனால் கடையைச் சாத்திவிட்டு அலையணும், போனது போகட்டும்” என்று நீ சொன்னாயாம். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருடன் அகப்படுவானோ மாட்டானோ, நீ மறுபடி எழுந்து நிற்க அந்தப் புகார்க் காகிதம் வேண்டும். கதவைச் சரிசெய்யும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடு. போலீஸ் வந்து பார்க்கும்வரை எதையும் துடைக்காதே. கொள்முதல் பில்லை வைத்துப் போன சரக்கை எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தால் திரும்பி வந்துவிடாதே, எஃப்.ஐ.ஆர். கேள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி அதன் நகலை உனக்கு இலவசமாகத் தரவேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பு. அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

பேங்க் கடனுக்காகச் சரக்கை இன்சூர் செய்திருந்தால் பாலிசியை எடுத்துப் பார். தீ விபத்துக்கு மட்டுமா, பூட்டை உடைத்துத் திருடினாலும் உண்டா? உண்டென்றால் இன்றே எழுதிக் கொடு. உடைத்த தடயம் இல்லாவிட்டால் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். போட்டோ எடுக்கச் சொன்னது அதனால்தான்.

எனக்குப் பெரிய பயம் வேறு. அலமாரி காலியாகக் கிடந்தால் வாடிக்கை கலைந்துவிடுமே என்று நீ தவிப்பாய். அந்த நேரம் பார்த்து வட்டிக்காரன் பணத்தோடு வருவான். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் 2003-லேயே தடைச் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் 2017-இல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, மறந்துவிடாதே. திருடன் ஒரு ராத்திரியோடு போய்விட்டான், வட்டிக்காரன் போகமாட்டான். எஃப்.ஐ.ஆர். நகலோடு பேங்க் மேனேஜரைப் பார்த்துத் தவணைக்கு அவகாசம் கேள். கோவில்பட்டி மொத்தக் கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லிச் சரக்கைக் கடனுக்குக் கேள். இத்தனை நாள் நாணயமாக நடந்தவன் நீ. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று. ஊர்க்கோடியில் கூடாரம் போட்டிருப்பவர்கள் பேரைப் புகாரில் எழுதச் சொல்லிச் சிலர் தூண்டுவார்கள். சில சாதிகளையே பிறவித் திருடர்களாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் 1947-லேயே ஒழிந்தும், அந்தப் புத்தி மட்டும் சிலரைவிட்டுப் போகவில்லை. கண்ணால் காணாத எவர் பேரையும் எழுதாதே. கடையில் வேலை பார்த்த பையனையும் மிரட்டாதே.

நாளைக் காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போ. தனியாகப் போக வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் இருவரையாவது கூட்டிக்கொள். முடித்ததும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா