பிறவிக்குணமும் பரிபாகமும்

மாணாக்கன் ஒருவன் இயல்பிலேயே சினமின்றி அடங்கியிருப்பின் அவனை மலபரிபாகம் எய்தியவன் என்றும், அஞ்சியும் வெகுண்டும் தடுமாறுவானைப் பக்குவமிலி என்றும் நம்மனோர் சிலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். இக்கொள்கை பொருந்துமா என்பதனை இக்காலத்து மரபணு ஆராய்ச்சியோடு வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டு ஹார்வார்டு பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் ஜெரோம் கேகன் என்பார், நான்கு திங்கட் குழவிகட்கு அசையும் பாவைகளைக் காட்டியும், புதிய குரலும் மணமும் உணர்த்தியும் நோக்கினார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் கைகால் உதறி அழுதனர். வேறு பலர் அமைதியாய்க் கிடந்தனர். உதறி அழுத குழவிகள் வளர்ந்தபோது புதியாரைக் கண்டு கூசுந் தன்மை மிகுதியும் உடையராயினர். நான்கு திங்களிற் குழவி பழகியது மிகச் சிறிதன்றோ! எனினும், அவருள்ளும் பெரும்பாலோர் பின்னர் நடுத்தர நிலைக்கு வந்தனரேயன்றி, என்றும் அஞ்சுவாராய் நின்றுவிடவில்லை.

இனி, இவ்வியல்பில் மரபுவழி வருவது எத்துணை? 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு ஒன்று, இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய 2,748 வெளியீடுகளைத் தொகுத்து நோக்கி, மக்கட் பண்புகளின் வேறுபாட்டிற் சராசரி 49 விழுக்காடு மரபுவழியது என்றது. இதனை, 'ஒருவன் குணத்திற் பாதி பெற்றோர் தந்தது' என்று கொள்வார் பலர். அது பிழை. விளக்கொளியில் நெய்யின் பங்கு இத்துணை, திரியின் பங்கு இத்துணை எனப் பிரித்தல் கூடுமோ? நூறு விளக்கிற்கும் ஒரே நெய் வார்த்துத் திரியை மட்டும் வேறுபடுத்தினால், ஒளியின் வேறுபாடு முழுதும் திரியாலாயது என்போம்; அதனால் நெய் வேண்டாததாயிற்று என்பது பெறப்படாது. அவ்வெண் பலரிடை உள்ள வேறுபாட்டின் அளவேயன்றி, ஒருவனுள் உள்ள பங்கீடு அன்று.

ஒரே கருவிற் பிரிந்து ஒரே மனையில் வளர்ந்த இரட்டையரும் குணத்தான் முற்றும் ஒவ்வார். எஞ்சிய இவ்வேறுபாட்டைக் காட்டி, 'இதுவே கன்மத்திற்குச் சான்று' என மகிழ்வாரும் நம்முள் உளர். யாம் அதனை உடன்படோம். கருப்பையிற் கிடந்த நிலை, நோய், நட்பு முதலிய பல அதற்குக் காரணமாகலாம். அன்றியும், தனு கரண புவன போகங்கள் கன்மத்திற்கேற்ப இறைவனாற் கூட்டப்படுவன என்பது சித்தாந்தத் துணிபாகலின், தாய்தந்தையரும் மரபணுவும் அதனுள் அடங்குவனவே. அறிவியல் விட்ட எச்சத்துட் கன்மத்தைத் தேடுவார், நாளை அவ்வெச்சமும் விளக்கப்படின் என் செய்வர்?

வாழ்க்கை உடலினுட் புகுந்து வினைசெய்யுமாறும் ஓரளவு தெரிந்துள்ளது. கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார் 1999-இல் வெளியிட்ட எலி ஆராய்ச்சியில், நக்கிப் பேணுதல் குறைந்த தாய் ஈன்ற குட்டிகள், மிகுதியும் பேணுந் தாயினிடம் விடப்பட்டபோது அச்சங் குறைந்தனவாய் வளர்ந்தன. அப்பேணல் மரபணுவின் அமைப்பை மாற்றாது, அது தொழிற்படும் அளவை மாற்றுகின்றது என 2004-இற் காட்டினர். மக்கட்கும் அவ்வாறே எனத் துணிதற்கு இது போதாது.

ஆகவே அச்சமும் அமைதியும் கருவிகளைச் சார்ந்தன. உயிர் சார்ந்ததன் வண்ணமாவதாகலின், பளிங்கிற் செம்மைபோல, அவை உயிர்க்கே உரியனவாய்த் தோன்றும். இருவினையொப்பு என்பதோ நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றல். அழாது கிடந்த நான்கு திங்கட் குழவிக்கு அது வாய்த்ததென எவருங் கூறார். அவையில் வாய்திறவாது கூசினான் என்பதுபற்றி ஒரு மாணாக்கனுக்குச் சாத்திரம் ஓதுவித்தலை மடத்தார் தாழ்த்துவது தகாது. பிறரோடு கூடியிருந்து ஓதும் பழக்கமே அக்கூச்சத்தைப் பெரிதும் தணிக்கவல்லது.