தொடங்கினால் போதுமா? லினக்ஸ் சர்வீஸ்களைக் கவனிக்கும் முறை

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் போஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. வீட்டில் அப்படியொரு கணினி சும்மா இருந்தால் இந்தப் பாடத்துக்கு அதுவே போதும்.

அச்சிடுதல், குறித்த நேரத்தில் நடக்கும் வேலைகள் போன்றவை கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடுபவை. இவற்றைச் சர்வீஸ் என்கிறோம். கணினி எழுந்ததும் முதலில் ஓடும் நிரல் இனிட். பழைய முறையில், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓர் இனிட் ஸ்கிரிப்ட் உண்டு. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், ஸ்டேட்டஸ் ஆகிய கட்டளைகளை அது ஏற்கும். அச்சு சர்வீஸின் பெயர் கப்ஸ். 'சர்வீஸ் கப்ஸ் ஸ்டேட்டஸ்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் அதன் நிலை தெரியும்.

டேனரியில் காலையில் டிரம்மைச் சுற்றவிட்டவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால், நடுவில் பெல்ட் அறுந்ததை யார் பார்ப்பது? இனிட் ஸ்கிரிப்டும் அப்படித்தான். தொடங்கி வைக்கும், பிறகு திரும்பிப் பார்க்காது. சர்வீஸ் தொடங்கும்போது அதன் எண் ஒரு சிறு கோப்பில் பதிவாகும். சர்வீஸ் நின்றுபோன பின்னும் அந்தக் கோப்பு கிடக்கலாம். ஆகவே கோப்பை நம்பாமல் ஸ்டேட்டஸ் தரும் விடை எண்ணைப் பாருங்கள்:

0 – இயங்குகிறது.
1 – நின்றுவிட்டது, எண் கோப்பு மட்டும் மிச்சம்.
3 – இயங்கவில்லை.

5 நிமிடத்துக்கு ஒரு முறை இதைச் சோதிக்கும் வேலையைக் கிரானிடம் ஒப்படைக்கலாம். விடை 0 இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து, நேரத்தையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கட்டும். ஒரே நாளில் பல முறை விழுந்திருந்தால் ரீஸ்டார்ட் மருந்தாகாது. வட்டு நிறைந்திருக்கிறதா, அமைப்புக் கோப்பில் பிழையா என்று லாக் கோப்பில் தேட வேண்டும்.

2015-இல் வெளிவந்த டெபியன் 8 முதல் இனிட்டின் இடத்தில் சிஸ்டம்டி வந்தது. விழுந்த சர்வீஸைத் தானே எழுப்பும்படி அதில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'சர்வீஸ்' கட்டளை அதிலும் வேலை செய்யும்.

ஆனாலும், தாள் சிக்கியிருந்தாலும் ஸ்டேட்டஸ் 0 என்றே சொல்லும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அந்த 0 யாருக்கும் உதவாது. கணினி அறையைத் திறந்ததும் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்ப்பதே கடைசிச் சோதனை.

பயிற்சி: கப்ஸை ஸ்டாப் செய்து விடை எண்ணைக் குறியுங்கள். ஸ்டார்ட் செய்து மீண்டும் குறியுங்கள்.